வலது பக்கத்து ஸ்பீக்கர்

என் நாத்தனாருக்கு ஒரு பழக்கம். எந்த வண்டியில் ஏறினாலும் உட்கார்ந்ததும் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் பார்ப்பாள். ஒயர் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பொறுக்காது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். டிரைவரிடம், "அண்ணா, அந்த சிவப்பு ஒயரு இரும்புல உரசிக்கிட்டே வருது. என்னைக்காவது புகையும், பாத்துக்கங்க" என்றாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், இந்தம்மா யாரு என்பதுபோல. "அவங்க வேலையே அதுதாங்க" என்றேன் நான், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் வேலையே அதுதான். காருக்கும் லாரிக்கும் உள்ளே ஓடுகிற ஒயர்களையெல்லாம் சேர்த்துப் பின்னல் மாதிரி கட்டித் தருகிற கம்பெனி ஒன்று ஓசூரில் இருக்கிறது. ஹார்னஸ் என்பார்கள் அந்தப் பின்னலை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே லைனில் போய் நின்றவள், இப்போது புதிதாக வருகிற பெண்களுக்குப் பயிற்சி தருகிறாள். அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்தும் தளியிலிருந்தும் வருகிற பெண்கள், சிலருக்குக் கன்னடம், சிலருக்குத் தெலுங்கு. மூன்று பாஷையிலும் அவள் அதட்டுவாள். மாமியார் வீடு வேப்பனப்பள்ளி பக்கம். வீட்டுக்காரர் அங்கே மாந்தோப்பைப் பார்த்துக்கொள்ள, இவள் எங்கள் வீட்டு மாடியில் தங்கி ஷிப்டுக்குப் போய்வருகிறாள். லீவு கிடைத்தால் ஊருக்கு.

என் கணவர் அவளுக்கு அண்ணன். வாலிப வயதிலிருந்து பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர். தகட்டை வைத்து மேலிருந்து இடிக்கிற ராட்சத மிஷின்கள் வரிசையாக நிற்கிற இடம். இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை. வேறொரு இடத்தில் ஸ்டோர் பார்க்கிறார். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். இவ்வளவுதான் நாங்கள்.

அவருக்கு அம்பாசிடர் கார் மேல் ஆசை வந்தது எப்படியென்று எனக்குத் தெரியாது. பர்கூரில் ஒரு கிரானைட் யார்டில், அறுத்த கற்களுக்கு நடுவே பல வருஷம் நின்றிருந்த வண்டியை வாங்கி, கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சீட்டைத் தட்டினால் கல்மாவு பறந்தது. கதவை இழுத்துச் சாத்தினால் பீரோ சாத்துகிற மாதிரி சத்தம். "உள்ள உக்காந்து பாரு" என்றார். உட்கார்ந்தேன். கால் நீட்ட இடம், தலைக்கு மேல் இடம், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம். பிடித்துத்தான் போயிற்று.

மெக்கானிக் ஒருவர் என்ஜினைச் சரிசெய்து கொடுத்தார். அடுத்தது பாட்டு. வண்டியில் ஏற்கெனவே ஒரு செட் இருந்தது, ஊமையாக. அதைக் கழற்றி, அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கடையில் புது செட்டும், முன்கதவு இரண்டிலும் ஸ்பீக்கரும், சீட்டுக்கு அடியில் சத்தத்தைப் பெருக்குகிற ஒரு ஆம்பும் போட்டுக்கொண்டு வந்தார். சத்தம் வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. என்ஜினை முறுக்கினால் பாட்டோடு கூடவே ஒரு கொசுவும் சுருதி ஏற்றிப் பாடியது. பிரேக் அமுக்கினால் 'டப்'. இண்டிகேட்டர் போட்டால் பாடகர் ஒவ்வொரு மினுக்கலுக்கும் விக்கினார். மறுபடி கடைக்குப் போனார். அவர்கள் ஏதோ ஒரு டப்பாவை நடுவில் சேர்த்து அனுப்பினார்கள். கொசு கொஞ்சம் தூரமாய்ப் போனது, அவ்வளவுதான். ஒருநாள் சூசூவாடி சிக்னலில் நிற்கும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. அவர் செட்டை அணைத்துவிட்டு நேராக வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

நாத்தனார் ஷிப்டு முடிந்து வந்தவள், கைப்பையைக்கூட வைக்காமல் டார்ச் வாங்கிக்கொண்டு காருக்குள் படுத்தாள். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்:

"அண்ணா, இது ஒயரிங் இல்ல. காக்கா கூடு."

"சரி பண்ண முடியுமா பாப்பா?"

"சரியெல்லாம் பண்ண முடியாது. பூராத்தையும் எடுத்துட்டுப் புதுசாப் போடணும். நான் போடறன். ஆனா அவசரப்படுத்தக் கூடாது, நடுவுல வந்து யோசனை சொல்லக் கூடாது."

அவர் இரண்டுக்கும் சம்மதித்தார். முதலாவதைக் காப்பாற்றினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஊருக்குப் போகவில்லை. வாசல் ஷீட்டுக்கு அடியில் வண்டியை நிறுத்தி, முதலில் பேட்டரியைக் கழற்றினாள். பிறகு பழைய ஒயர்களை ஒவ்வொன்றாக உருவினாள். அந்த வண்டியை வைத்திருந்த ஒவ்வொருவரும் தன் காலத்துக்கு ஒரு செட் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் முந்தினவர் ஒயரை எடுக்கவில்லை. வெட்டிவிட்டு மேலேயே அடுத்தது. முறுக்கி டேப் சுற்றின முடிச்சுகள், டேப்பின் பசை இளகிக் கருப்பாய் விரலில் ஒட்டியது. ஒரு இடத்தில் டேப்புக்குப் பதில் பிளாஸ்திரி. அவள் அதை விரலில் பிடித்து என்னிடம் காட்டினாள். "கையில காயம் பட்டவங்க யாரோ, அண்ணி" என்று சிரித்தாள். திட்டவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, "பாவம், அத்தன பேரும் பாட்டு கேக்கணும்னுதான பண்ணியிருக்காங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பழைய குளியலறைக் கதவு ஒன்று பின்பக்கம் சாத்திவைத்திருந்தது. அதைக் கொண்டுவந்து இரண்டு ஸ்டூல் மேல் படுக்கவைத்தாள். காருக்குள் ஒரு நூலைப் பிடித்து வளைவுக்கு வளைவு அளந்தாள். அளந்ததைக் கதவின் மேல் சாக்பீஸால் வரைந்தாள்: இங்கே பேட்டரி, இங்கே செட், இங்கே ஆம்ப், இது இடது கதவு, இது வலது கதவு. வளைகிற இடத்திலெல்லாம் ஆணி அடித்தாள். கம்பெனியில் அப்படித்தான் செய்வார்களாம், பெரிய பலகையில். வண்டிக்குள் வைத்துக் கட்டுவதில்லை. வெளியே பலகையில் கட்டி முடித்து, முழுசாகத் தூக்கிக்கொண்டுபோய் வைப்பது.

நான் தையல்காரி. துணியை உடம்பின் மேல் வைத்து யாரும் வெட்டுவதில்லை. அளவெடுத்து, பேப்பரில் வரைந்து, வெட்டி, தைத்து, பிறகுதான் போட்டுப்பார்ப்பது. அவள் அந்தக் கதவின் மேல் குனிந்து நிற்பதைப் பார்த்தபோது, அட, நம்ம வேலைதானே இது என்று தோன்றிவிட்டது. மிஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். "இந்த முனையப் புடிங்க அண்ணி" என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒயர் வாங்க பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்த நெரிசலில், ஒயரின் முனையைச் சீவி, உள்ளே இருக்கிற கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அவர் அந்தச் சுருளை உள்ளே எடுத்துவைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார். வெளியே வந்ததும் கேட்டேன், என்ன சொன்னாய் என்று. "மேல செம்பு பூசின அலுமினியத்த எங்க அண்ணனுக்குப் போட மாட்டன், நல்லது இருந்தா குடுங்கன்னேன்" என்றாள்.

பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த ஒயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். "எங்கயாவது உரசினா பிடிக்கிற நெருப்ப, வீட்டு வாசல்லயே நிறுத்தணும் அண்ணி. ஹாலுக்கு வந்தப்புறம் நிறுத்தி என்ன பண்றது." என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டில் ஒயர் நுழைகிற ஓட்டைக்கு ரப்பர் வளையம். தடித்த ஒயர் வண்டியின் வலது ஓரமாய்ப் போயிற்று. பாட்டு போகிற மெல்லிய ஒயர்கள் இடது ஓரமாய். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் படுத்தால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் ஏறிக்கொள்ளுமாம்.

அந்தக் கொசு எங்கிருந்து வந்தது என்பதையும் அவள்தான் விளக்கினாள். கரண்டு போக வழி இருந்தால் போதாது, திரும்பிவர வழியும் வேண்டும். காரில் அந்த வழி, எர்த் என்பது, காரின் இரும்பு உடம்புதான். கடையில் செட்டுக்கு ஒரு இடத்தில், ஆம்புக்கு வேறொரு இடத்தில், அதுவும் பெயிண்டுக்கு மேலேயே திருகை முடுக்கி, எர்த் எடுத்திருக்கிறார்கள்; இரண்டு இடத்துக்கும் நடுவே புகுந்த என்ஜின் இரைச்சல்தான் அந்தக் கொசுவாம். அவள் சீட்டுக்கு அடியில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வெள்ளி மாதிரி இரும்பு தெரிகிறவரை தேய்த்தாள். செட்டின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் ஒன்றாய் அங்கே வந்து சேர்ந்தன. மேலே கிரீஸ் தடவினாள்.

ஒயரும் ஒயரும் சேருகிற இடங்களை முறுக்கவில்லை. கம்பெனியில் செய்கிற மாதிரி, சின்ன உலோகக் கவ்வியில் வைத்து இடுக்கியால் ஒரே அமுக்கு. அமுக்கினபிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்று அசைந்தது. வெட்டி எறிந்துவிட்டு வேறு போட்டாள். நான் கதவு ஸ்பீக்கர்களுக்கு முன்னால் போட மெல்லிய துணி தைத்துக்கொடுத்தேன், சீட்டின் அரக்கு நிறத்துக்குப் பொருத்தமாக. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாயருகே வைத்து ஊதினாள். "காத்து போவுது. சத்தமும் போவும்" என்று எடுத்துக்கொண்டாள்.

கட்டி முடித்த ஒயர் பின்னலை ஆணிகளிலிருந்து கழற்றி அவள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காரை நோக்கிப் போனபோது, அது கிளை பிரிந்த ஒரு வேர் மாதிரி தொங்கியது. உள்ளே வைத்தால் ஒவ்வொரு கிளையும் அதனதன் இடத்தில் போய் நின்றது. ஒரு விரல் நீளம் அதிகமில்லை, குறைவில்லை. என் கணவர் நடுவில் வந்து யோசனை சொல்லாமல் இருந்த ஒரே நாள் அது.

செட்டைப் போட்டாள். என்ஜினைப் போட்டாள். முறுக்கினாள். கொசு இல்லை. இண்டிகேட்டர் போட்டாள். பாடகர் விக்கவில்லை. பாட்டு, நம் எதிரில் உட்கார்ந்து ஒருவர் பாடுகிற மாதிரி, சுத்தமாய் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்கண்ணா" என்று டிரைவர் சீட்டைக் காட்டினாள்.

அவர் உட்கார்ந்தார். கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது.

"நல்லா இருக்குது பாப்பா. ஆனா வலது பக்க ஸ்பீக்கர் சரியா வரல."

"வரலியா?"

"வருது. ஆனா கம்பளிக்குள்ள பாடற மாதிரி வருது."

நான் பின்சீட்டில் இருந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்டது. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நாத்தனார் வாதாடவில்லை. அவள் செய்த வேலையை ஒருத்தர் குறை சொன்னால் என்ன செய்வாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மீட்டரை எடுத்தாள்.

முதலில் ஒயரைச் சோதித்தாள். சரியாக இருந்தது. பிறகு இரண்டு கதவு ஸ்பீக்கர்களையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டாள். "இப்ப?" "இப்பவும் வலதுதான்." அப்படியானால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. அடுத்து, ஆம்பின் பின்னால் இடதுக்குப் போகிறதை வலதுக்கும், வலதுக்குப் போகிறதை இடதுக்கும் மாற்றிச் சொருகினாள். "இப்ப?" "அதே வலதுதான் பாப்பா." செட்டிலும் ஆம்பிலும் குற்றமில்லை. ஒயரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை, செட்டும் இல்லை. அவள் கதவில் சாய்ந்து நின்றாள். அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ மாறியது எனக்குத் தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை.

"அண்ணா, ஒண்ணு பண்ணுங்க. சீட்டு மேல முட்டி போட்டு, அண்ணியப் பாக்கற மாதிரி பின்னால திரும்பி உக்காருங்க."

"எதுக்கு?"

"சும்மா. ஒரு டெஸ்ட்டு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய உடம்பைத் திருப்பி, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டார். என் முகத்துக்கு நேரே அவர் முகம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"வலது கதவு ஸ்பீக்கர் எப்படி இருக்குதுங்கண்ணா?" என்றாள் அவள், மெதுவாக.

"கணீர்னு கேக்குது." தலையை மறு கதவுப் பக்கம் சாய்த்தார். "இடதுதான் இப்ப மங்கிப்போச்சு."

அவருக்கே புரிந்துவிட்டது. மிஷினோடு வாழ்ந்தவர். எதை மாற்றினால் கோளாறு கூடவே நகர்கிறதோ அதில்தான் கோளாறு என்பது அவருக்கும் தெரிந்த பாடம்தான்.

"காரு திரும்பல பாப்பா" என்றார். "நான்தான் திரும்பினேன்."

அவள் செட்டை அணைத்தாள். சீட்டில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் அவருடைய இடது காதைப் பொத்தினாள். வலது காதருகே விரல்களைத் தேய்த்தாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். சொடக்குப் போட்டாள். ரொம்ப நேரம் கழித்துத் தலையாட்டினார், கேட்டதா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லாமல்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது மார்க்கெட். நடக்கும்போது நான் அவருக்கு வலது பக்கம்தான் வருவேன், ரோட்டுப் பக்கம் அவர் இருக்கட்டும் என்று. நான் சொல்வதற்குப் பாதி நேரம் பதில் வராது. கல்யாணமான பொம்பளைகள் எல்லோருக்கும் இதே கதைதான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். தூங்கும்போது இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அலாரம் அடித்தாலும் எழமாட்டார். எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் இப்படி இருப்பதால் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தோம். கட்டி எதுவும் இல்லை என்று வந்தது. வலது காதில் நரம்பு பெரும்பாலும் போய்விட்டது, இடதில் பாதிப்பு கொஞ்சம்தான், காரணம் இதுதான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, பல வருஷ மிஷின் சத்தத்துக்குப் பெரிய பங்கு இருக்கும் என்றார் டாக்டர். "உங்க மிஷின் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார். "வலது பக்கம்" என்றார் இவர். கம்பெனியில் காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்களாம், யாரும் வைக்கமாட்டார்களாம். வைத்தால் பக்கத்து ஆள் கத்துவது கேட்காதே, கை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவர் காருக்குக் கவர் போட்டார். "செட்ட கழட்டிடு பாப்பா. உன் வீட்டுக்காரர் ஜீப்புல மாட்டிக்க. எனக்கு எதுக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் கழற்றவில்லை. சில நாள் மாடியில் டேபிள் லாம்ப்பும் அவளுமாக எதையோ வைத்து நோண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த லீவு நாளில் காலையில் கவரை உருவிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பாட்டப் பதிவு பண்றப்பவே பாதிய இடது பக்கம் வைக்கறாங்க, பாதிய வலது பக்கம் வைக்கறாங்க. வலது பக்கம் வைக்கறது உங்களுக்கு வந்து சேரல. அவ்வளவுதான் விஷயம். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ரெண்டு ஸ்பீக்கருக்கும் குடுத்துட்டா, ஒரு காதுக்கே முழுப் பாட்டும் வந்துடும்."

"அப்ப உங்களுக்கெல்லாம்?"

"அதுக்குத்தான் சுவிட்சு."

தீப்பெட்டி அளவு ஒரு டப்பாவைக் காட்டினாள். ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர்களை அப்படியே சேர்த்து முறுக்கினால் ஆம்ப் எரிந்துவிடுமாம். அதற்கு முன்னாலேயே, செட்டிலிருந்து ஆம்புக்குப் போகிற மெல்லிய ஒயரில், கரண்டை மட்டுப்படுத்துகிற சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள் வழியாகக் கலக்க வேண்டுமாம். முதலில் போட்டது சத்தத்தை ரொம்பவும் குறைத்துவிட்டது. கழற்றி, வேறு ரெசிஸ்டர் வைத்து, மறுபடி மாட்டினாள். போனில் பாட்டு கேட்டால் போனிலேயே இதற்கு ஒரு வசதி இருக்கிறது என்று அவளே பின்னால் சொன்னாள். ஆனால் இவர் பென்டிரைவ் ஆள். "அவரு மாறமாட்டாரு அண்ணி, ஒயர மாத்தறது சுலபம்" என்றாள்.

அம்பாசிடரின் டேஷ்போர்டில் பனிவிளக்குக்கென்று ஒரு ஓட்டை சும்மா இருந்தது. அதில் அந்தச் சுவிட்சைப் பொருத்தினாள். மேலே தள்ளினால் அவருக்கு, கீழே தள்ளினால் எங்களுக்கு. இடது கதவு ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை ஆப்பு மாதிரி வைத்து, அவர் பக்கமாகச் சற்றுத் திருப்பினாள். அவரை உட்காரவைத்து, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று அவர் போதும் என்கிறவரை திருப்பினாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்பார்களே, அந்தப் பொறுமை.

மாங்காய் சீசன் என்பதால் மறுநாள் மூன்று பேரும் வேப்பனப்பள்ளிக்குப் புறப்பட்டோம். சூளகிரி தாண்டும்வரை ஒரே நெரிசல். லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாகவே ஓட்டினார். பழைய பாட்டு ஒன்று வந்தது. எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பாட்டு. ஆண் பாடுவார், பின்னால் வார்த்தையில்லாமல் ஒரு பெண் குரல் இழைந்துகொண்டே வரும். அவர் இண்டிகேட்டர் போட்டார். குருபரப்பள்ளிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். என்ஜினை அணைத்தார். பாட்டை அணைக்கவில்லை.

"இந்தம்மா எப்ப வந்தாங்க?" என்றார்.

"யாரு?"

"பின்னால பாடறாங்களே."

நானும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "எப்பவும் இருக்காங்க" என்றேன்.

அவர் பாட்டை முதலிலிருந்து வைத்தார். சுவிட்சைக் கீழே தள்ளினார், அந்தக் குரல் அவருக்கு மறைந்துவிட்டது போலிருக்கிறது, மேலே தள்ளினார். திரும்பவும் கீழே, திரும்பவும் மேலே. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் கண்ணாடியில் பின்சீட்டுத் தங்கையைப் பார்த்து, "நல்ல வேலை பாப்பா" என்றார். அவ்வளவுதான். பிரஸ் ஷாப்பில் அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. அவள், "ம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் தன்னோடு வேலை செய்த பழைய ஆட்களில் சிலரைத் தேடிப்போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒருவர் பாகலூரில் டீக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் ராயக்கோட்டையில் கோழிப்பண்ணை. பாட்டைப் போட்டு, பின்னால் திரும்பி முட்டி போடச் சொன்னார். பெரிய பெரிய ஆட்கள், மீசை நரைத்தவர்கள், எங்கள் வாசலில் கார் சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்ததை நான் தையல் மிஷினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் அப்படியே காது டாக்டரிடம் போனார்கள். முன்பு தன் உடம்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத மனுஷர், இப்போது வண்டியில் யார் ஏறினாலும், "எனக்கு வலது காது கேக்காதுங்க, இந்தப் பக்கம் உக்காந்து பேசுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்.

நாத்தனாருக்கு நைட் ஷிப்டு இருக்கிற வாரம், காலையில் கம்பெனி வாசலுக்கே போய் அவளை அழைத்துவருகிறோம். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் அவளுக்குக் கையசைப்பார்கள். ஏறினதும் அவள் பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவாள். போன வாரம் அப்படித்தான், தூங்குகிறாளே என்று நான் பாட்டைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

"குறைக்காதீங்க அண்ணி" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இடது கதவுல ஒரு சின்ன அதிர்வு வருது. எங்கிருந்து வருதுன்னு கேட்டுக்கிட்டிருக்கன்."